நாற்பது ஆண்டு வென்ற கட்சி ஏன் திடீரென்று தோற்கிறது?

தும்பை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் அரசறிவியலை முறையாகப் பயின்றவன் அல்லன். தேர்தல் முடிவுகளை எண்களோடு படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தால் வந்த ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

ஒழுங்காகத் தேர்தல் நடக்கிற, எதிர்க்கட்சிகள் வெளிப்படையாக இயங்குகிற நாடுகளிலேயே சில கட்சிகள் ஒரு தலைமுறைக்கும் மேலாக ஆட்சியைவிட்டு இறங்காமல் இருந்திருக்கின்றன. சுவீடனின் சமூக ஜனநாயகக் கட்சி, 1936 கோடையில் ஒரு குறுகிய இடைவெளி நீங்கலாக, 1932 முதல் 1976 வரை ஆண்டது. ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சி 1955இல் தோன்றிய நாள் முதல் 1993 வரை ஆண்டது. இஸ்ரேலில் தொழிற்கட்சி மரபினர் 1948 முதல் 1977 வரையிலும், இந்தியாவின் நடுவண் அரசில் காங்கிரஸ் 1947 முதல் 1977 வரையிலும், போட்சுவானாவில் போட்சுவானா ஜனநாயகக் கட்சி 1966 முதல் 2024 வரையிலும் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றும் ஒரு நாள் சரிந்தது.

இந்தச் சரிவுகளுக்கு நாளேடுகள் சொல்லும் காரணங்கள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன: ஊழல், விலைவாசி, தலைமையின் செருக்கு, இளைஞர்களின் சலிப்பு. என் ஐயம் இங்கேதான் தொடங்குகிறது. இவையெல்லாம் அந்தக் கட்சிகள் வென்றுகொண்டிருந்த காலத்திலும் இருந்தனவே! லாக்ஹீட் விமானக் கையூட்டு வழக்கில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா 1976இல் கைதானார். கட்சி அதன் பின்னும் 17 ஆண்டுகள் ஆட்சியில் இருந்தது. 1983 அக்டோபரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த தேர்தலில் அவருடைய தொகுதி மக்கள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். காரணம் அப்படியே இருக்க, விளைவு மட்டும் ஒரு நாள் மாறுகிறது என்றால், அந்தக் காரணத்தை முழுக் காரணமாக எப்படி ஏற்பது? உண்மையில் மாறியது எது?

இன்று ஆளும் கட்சிகளைப் பற்றிய வழக்கமான சண்டைக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


நடுப்பக்கம்:

நல்ல கேள்வி. வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எழுச்சியிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் இக்கட்சிகளை உயர்த்தியது எதுவோ அதுவே பின்னால் அவற்றைக் குலைக்கிறது என்பது என் எண்ணம்.

ஆதிக்கக் கட்சி என்பது பெரும்பாலும் ஒரு பெரிய நிகழ்வின் பிள்ளையாகப் பிறக்கிறது. விடுதலைப் போராட்டம், புரட்சி, பொருளாதாரப் பெருவீழ்ச்சி, புதிய அரசு உருவாதல் என்று ஏதோ ஒன்று அதற்கு நாட்டின் பெயரையே தன் பெயராகச் சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்தப் புகழ் பத்து ஆண்டுக்குமேல் தாங்காது. அதைத் தாங்க வைப்பது வேறொன்று: எதிர்க்கட்சியாக இருக்க வேண்டியவர்களையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் திறமை.

இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் சுமார் 45 விழுக்காடு வாக்குகளோடு 489 இடங்களில் 364ஐ வென்றது. பாதிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் அதற்கு எதிராக வாக்களித்திருந்தார்கள். ஆனால் அவர்கள் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகச் சிதறிக் கிடந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த கட்சிக்குள் நிலக்கிழாரும் இருந்தார், குத்தகை விவசாயியும் இருந்தார். தொழிலதிபரும் இருந்தார், தொழிற்சங்கத் தலைவரும் இருந்தார். 1964இல் அரசறிவியலாளர் ரஜினி கோத்தாரி இதைத்தான் 'காங்கிரஸ் அமைப்பு' என்று விளக்கினார். வெளியே இருந்த கட்சிகள் ஆட்சியைப் பிடிப்பதற்காக அல்ல, ஆளும் கட்சிக்குள் இருந்த தங்களுக்கு நெருக்கமான கோஷ்டியின் கையை வலுப்படுத்துவதற்காகவே இயங்கின என்பது அவர் கண்டது. அசல் போட்டி தேர்தல் நாளில் நடக்கவில்லை. யாருக்குச் சீட்டு என்று முடிவாகும் நாளிலேயே நடந்து முடிந்துவிட்டது.

இப்போது தோற்றவனின் இடத்தில் நின்று பாருங்கள். சீட்டுக் கிடைக்காதவன் ஏன் கட்சியைவிட்டுப் போகவில்லை? இரண்டு காரணங்கள். வெளியே போனால் பாலைவனம். உள்ளே இருந்தால் அடுத்த முறை தன் முறை வரலாம். இந்த இரண்டில் 'தன் முறை வரும்' என்ற நம்பிக்கையைத்தான் நீண்ட நாள் ஆண்ட கட்சிகள் எல்லாம் மிகக் கவனமாகக் காத்தன. ஜப்பானில் அமைச்சர் பதவிகள் கோஷ்டிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கிடப்பட்டன. ஐந்தாறு முறை வென்ற உறுப்பினருக்கு ஓர் அமைச்சர் நாற்காலி ஏறக்குறைய உறுதி. மெக்சிகோவில் நிறுவனப் புரட்சிக் கட்சி இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தது. அங்கே குடியரசுத் தலைவர் மறுமுறை போட்டியிடவே முடியாது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை உச்சி முதல் அடி வரை ஆயிரக்கணக்கான பதவிகள் கைமாறும். இன்று ஓரங்கட்டப்பட்டவன் ஆறே ஆண்டு பொறுத்தால் போதும். தன் அடுத்த தலைவரைப் பதவியில் இருப்பவரே விரல் நீட்டிக் காட்டுவார் என்பதை எல்லோரும் அறிந்திருந்தும், அந்த விரல் தன் பக்கம் திரும்பக்கூடும் என்று பலரும் நம்பியதால் அமைதி நிலவியது.

இனி, அந்த நம்பிக்கை அறுந்தபோது நடந்தவற்றைப் பாருங்கள்.

காங்கிரஸில் 1972க்குப் பிறகு உட்கட்சித் தேர்தல் 1992 வரை நடக்கவில்லை. இருபது ஆண்டுகள்! மாவட்டத்தில் வேர் விட்டவன் மாநிலத்தில் தலையெடுக்கும் வழி அடைபட்டு, மேலிடத்தின் கண்ணில் படுபவன் முதலமைச்சர் ஆகும் வழி திறந்தது. ஆந்திராவில் 1978க்கும் 1983க்கும் இடையே நான்கு முதலமைச்சர்களை மேலிடம் மாற்றியது. அவர்களுள் ஒருவரான அஞ்சையா, 1982இல் பேகம்பேட்டை விமான நிலையத்துக்குப் பெருங்கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு ராஜீவ் காந்தியை வரவேற்கப் போய், அந்த ஆரவாரத்துக்காகவே பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்பட்டார். விரைவில் பதவியும் போனது. அதே ஆண்டு மார்ச்சில் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கினார். தெலுங்கரின் தன்மானம் என்ற ஒற்றை முழக்கத்தோடு ஒன்பதே மாதங்களில் ஆட்சியைப் பிடித்தார். காங்கிரஸின் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் எதுவும் அந்த ஒன்பது மாதங்களில் புதிதாக முளைக்கவில்லை. அதிருப்தியாளர்களுக்குப் போக்கிடம்தான் புதிதாகக் கிடைத்தது.

ஜப்பானின் 1993 இன்னும் துல்லியமான சான்று. மக்கள் கட்சியைத் தூக்கி எறிந்தார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடந்தது அதுவன்று. ஒசாவாவும் ஹாத்தாவும் தலைமை தாங்கிய கோஷ்டி ஜூன் மாதத்தில் எதிர்க்கட்சிகளின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு வெளியேறியது. அடுத்த மாதத் தேர்தலில் கட்சி 511 இடங்களில் 223ஐ வென்றது. பிளவுக்குப் பின் அதனிடம் எஞ்சியிருந்த இடங்களும் ஏறத்தாழ அவ்வளவே. வாக்குப்பெட்டியில் அது எதையும் பெரிதாக இழக்கவில்லை. ஆட்சியை இழந்தது வெளியேறியவர்களால்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இது. ஊழலும் செருக்கும் எப்போதும் இருப்பவை. அவற்றைப் பற்றி உள்ளே இருப்பவன் வாய் திறப்பதுதான் புதிது. மலேசியாவில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியத்தின் ஊழல் விவகாரத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர் 2015இல் பதவி நீக்கப்பட்டு, மறு ஆண்டே முன்னாள் பிரதமர் மகாதீரோடு சேர்ந்து புதுக்கட்சி கண்டார். எதிர்க்கட்சி சொல்லும் ஊழலை வாக்காளர் அரசியல் என்று தள்ளிவிடுவார். இருபத்திரண்டு ஆண்டுகள் அதே கட்சியின் பிரதமராக இருந்தவர் வந்து சொன்னால் காது கொடுப்பார். 61 ஆண்டு ஆண்ட கூட்டணி 2018இல் வீழ்ந்தது.


செங்கல்சூளை:

நடுப்பக்கம் சொல்வதை அப்படியே ஏற்க இயலவில்லை. வெளியேறியவர்கள் கதையில் வெற்றி பெற்றவர்களை மட்டுமே அவர் எண்ணுகிறார், தோற்றவர்களை எண்ணவில்லை. அதே மலேசியாவில் ரசாலி ஹம்சா 1990இல் கட்சியை உடைத்துக்கொண்டு வந்து போட்டியிட்டார். தோற்றார், சில ஆண்டுகளில் பழைய கட்சிக்கே திரும்பினார். அன்வார் இப்ராகிம் 1998இல் வெளியேற்றப்பட்டார். அவருடைய தரப்பு ஆட்சிக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. பிளவு எல்லாக் காலத்திலும் நடக்கிறது. வெளியே போனவன் உயிர் பிழைக்கிறானா என்பதே கேள்வி; அதை முடிவு செய்வது பணம்.

மெக்சிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் அந்நாட்டு அரசிடம் 1,155 பொதுத்துறை நிறுவனங்கள் இருந்தன. எண்ணெய், தொலைபேசி, வங்கி, உருக்கு, உணவுக் கிடங்கு என்று எங்கே திரும்பினாலும் அரசு. அரசு என்றால் கட்சி. தேர்தல் செலவு அந்தக் கருவூலங்களின் வழியே நடந்தது. வேலை வேண்டியவன் கட்சியின் தொழிற்சங்கத்துக்குப் போனான். விளம்பரம் வேண்டிய நாளேடு அமைச்சகத்துக்குப் போனது. இந்நிலையில் எதிர்க்கட்சியில் சேருகிறவன் யார்? பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாத தீவிரக் கொள்கைக்காரன் மட்டுமே. அப்படிப்பட்டவர்களால் நிரம்பிய எதிர்க்கட்சி நடுநிலை வாக்காளருக்கு அச்சத்தையே தரும்; ஆகவே மறுபடியும் ஆளும் கட்சியே வெல்லும். இந்தச் சுழலைப் பார்க்காமல் 'மக்கள் ஏன் மாற்றி வாக்களிக்கவில்லை' என்று கேட்பதில் பொருளில்லை.

1982இல் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாமல் நின்றது. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு இருநூறு அளவுக்குக் குறைந்தன. கட்சி தன் சோற்றுப் பானையைத் தானே விற்றுக் கடன் அடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1987–88இல் கார்தெனாஸ் கட்சியைவிட்டு வெளியேறிப் போட்டியிட்டபோது அவர் காணாமல் போகாததற்கு இதுவே காரணம். அந்தத் தேர்தல் இரவில் வாக்குகளைத் தொகுக்கும் கணினி அமைப்பு நின்றுவிட்டது என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் ஆளும் கட்சியே வென்றதாகச் சொல்லப்பட்டது. அதை இன்றுவரை பலர் நம்புவதில்லை. 1989இல் முதன்முதலாக ஒரு மாநில ஆளுநர் பதவி எதிர்க்கட்சிக்குப் போனது. 1996இல் தேர்தல் நிறுவனம் அரசின் பிடியிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டது. மறு ஆண்டே கீழவையில் பெரும்பான்மை போயிற்று. 2000இல் குடியரசுத் தலைவர் பதவியும் போயிற்று. 71 ஆண்டுகள் முடிவுக்கு வந்தன.

மெக்சிகோவை மக்களாட்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்று யாரேனும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்; 1988 வரை தயக்கத்தோடுதான் சேர்க்க வேண்டும். ஆனால் அங்கே முழு அளவில் நடந்தது மற்ற நாடுகளில் கால் அளவு, அரை அளவு நடக்கவே செய்கிறது.


கணக்குப்பிள்ளை:

இருவரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1967இல் இந்திய மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு 40.8 விழுக்காடு, இடங்கள் 283. 1989இல் பெற்ற வாக்கு 39.5 விழுக்காடு, இடங்கள் 197. வாக்கில் ஒன்றேகால் விழுக்காடு குறைந்ததற்கு எண்பத்தாறு இடங்கள் போயின. வாக்காளர் மனம் மாறியதைவிட எதிர்க்கட்சிகளின் தொகுதிப் பங்கீடு மாறியதே இதற்குக் காரணம்.

சென்னை மாநிலத்தின் 1967 சட்டமன்றத் தேர்தலும் அப்படித்தான். காங்கிரஸ் 1962இல் 46 விழுக்காடு வாங்கி 206இல் 139 இடங்களை வென்றது. 1967இல் 41 விழுக்காடு வாங்கியும் 234இல் ஐம்பது அளவோடு நின்றது. தனிக்கட்சி என்ற அளவில் தி.மு.க.வைவிட ஒரு நூலிழை அதிக வாக்கு வாங்கியது காங்கிரஸ்தான் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். தி.மு.க. எல்லாத் தொகுதிகளிலும் நிற்காமல், ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட் கட்சி வரை எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு விளங்கும்.

தொகுதியில் முந்தியவரே வெல்லும் முறை ஆதிக்கக் கட்சிக்கு ஏணியாக இருக்கும் வரைதான் சுகம். போட்சுவானாவில் ஆளும் கட்சி 2019இல் ஏறக்குறைய 53 விழுக்காடு வாக்குகளோடு 57இல் 38 இடங்களை வென்றது. 2024இல் சுமார் 30 விழுக்காடு வாங்கியது. கிடைத்தவை 61இல் 4 இடங்கள். முப்பது விழுக்காடு மக்கள் இன்னமும் அதனோடு இருக்கிறார்கள், ஆனால் அவையில் அது ஏறக்குறைய இல்லை. வாக்குப் பங்குக்கு ஏற்ப இடங்களைத் தரும் விகிதாசார முறை உள்ள தென்னாப்பிரிக்காவில் இப்படி நடக்காது. அதே 2024இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 57.5இலிருந்து 40 விழுக்காட்டுக்கு இறங்கியது. 400இல் 159 இடங்களோடு இன்னும் முதல் கட்சியாகவே இருக்கிறது. 'திடீர்' என்று நீங்கள் காண்பதில் பாதி தேர்தல் முறையின் வேலை.


தும்பை:

மூவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை கொடுத்த 1967, 1989 ஒப்பீட்டை நான் இதுவரை அருகருகே வைத்துப் பார்த்ததே இல்லை.

ஆனால் இரண்டு இடங்கள் இடிக்கின்றன. ஒன்று, சுவீடன். அங்கே பெரிய பிளவு எதுவும் இல்லை. பொதுத்துறையை விற்றுத் தின்னவும் இல்லை. விகிதாசார முறை வேறு. அங்கே என்னதான் நடந்தது? இரண்டு, ஜப்பானின் கட்சி பத்து மாதங்களில் ஆட்சிக்குத் திரும்பிவிட்டது. அதே காலத்தில் சரிந்த இத்தாலியின் ஆளும் கட்சியான கிறித்தவ ஜனநாயகக் கட்சி அடியோடு மறைந்துவிட்டது. ஏன் இந்த வேறுபாடு?


வடக்குவாசல்:

சுவீடனைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்குப் பிடித்த பகுதி அது.

அந்தக் கட்சியின் எழுச்சி ஒரு பேரத்தில் தொடங்கியது. 1933இல் தொழிலாளர் கட்சியான அது, விவசாயிகள் கட்சியோடு ஓர் உடன்பாடு செய்தது: விளைபொருள்களுக்கு விலை ஆதரவைத் தொழிலாளர் தரப்பு ஏற்கும், வேலையற்றோருக்கான பொதுப்பணித் திட்டத்தை விவசாயிகள் தரப்பு ஏற்கும். அந்நாட்டவர் இதை இன்றும் 'மாட்டு வியாபாரம்' என்றே குறிப்பிடுகிறார்கள். தன் தொண்டனே முகம் சுளிக்கும் விலையைக் கொடுத்து நடுப்பகுதியைப் பிடித்த கட்சி அது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து உழவர் எண்ணிக்கை குறைந்தது. அலுவலகங்களில் வேலை பார்ப்போர் பெருகினார்கள். பழைய பேரம் காலாவதியாவதைக் கண்ட கட்சி புதிய பேரத்துக்கு ஆயத்தமானது: எல்லா ஊழியருக்கும், அவர்கள் அதிகம் சம்பாதித்த 15 ஆண்டுகளின் வருவாயையொட்டிய துணை ஓய்வூதியம். 1959 மே மாதத்தில் இரண்டாம் அவையில் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது இரு தரப்பும் சமநிலையில் இருந்தன. எதிர்த்தரப்பின் மக்கள் கட்சியைச் சேர்ந்த தூரே கோனிக்சன் என்ற உறுப்பினர், தொழிலாளியாக இருந்து அவைக்கு வந்தவர், தன் கட்சியின் முடிவை மீறி, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். 115க்கு 114 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. அந்த ஒரு வாக்கின் பலனாக, நீலச்சட்டை அணிந்தவர்களின் கட்சியாக இருந்தது மேசைமுன் அமர்ந்தவர்களின் கட்சியாகவும் ஆனது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓய்வூதியம் கிடைப்பதற்குமுன் அது கட்சியின் வாக்குறுதி. கிடைத்தபின் அது குடிமகனின் உரிமை. உரிமைக்கு யாரும் நன்றி செலுத்துவதில்லை. எதிர்க்கட்சிகளும் 'நாங்கள் வந்தாலும் அதைத் தொடமாட்டோம்' என்று சொல்லிவிட்டால், பழைய கட்சிக்கு வாக்களிக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. 1976இல் ஆட்சியை இழந்தபோதும் அக்கட்சி 42.7 விழுக்காடு வாங்கியிருந்தது. மூன்று நடுத்தர, வலதுசாரிக் கட்சிகள் நலத்திட்டங்களை ஏற்றுக்கொண்டு கைகோத்ததே அதை இறக்கியது. 1932 முதல் 1988 வரை எந்தத் தேர்தலிலும் 40 விழுக்காட்டுக்குக் கீழே போகாத கட்சி 1991இல்தான் முதன்முறையாக அதற்குக் கீழே வந்தது. பிளவினால் அல்ல, தன் வேலையை முடித்துவிட்டதால் மெலிந்த கட்சி என்று அதைச் சொல்லலாம். ஆகவே நடுப்பக்கத்தின் கோட்பாடு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது.

நன்றியைப் பற்றிப் பேசும்போது இஸ்ரேலையும் பார்க்க வேண்டும். அங்கே ஹிஸ்தத்ரூத் என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரே நேரத்தில் சங்கம், முதலாளி, மருத்துவ நிதியம் ஆகிய மூன்றாகவும் இருந்தது. அதன் சிவப்பு உறுப்பினர் அட்டை இல்லாமல் பல இடங்களில் வேலைக்கு வரிசையில் நிற்கவே முடியாது. 1948க்குப் பின் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்து தற்காலிக முகாம்களின் தகரக் கொட்டகைகளில் குடியேறியவர்கள் அந்த அட்டையை வாங்கி, அதைக் கொடுத்த கட்சிக்கே வாக்களித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேலைக்கு அட்டையை நம்பியிராத காலத்தில் வாக்குரிமை பெற்றார்கள். பெற்றோர் வரிசையில் நின்றதும், அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் பேசிய தொனியும் மட்டுமே அவர்கள் நினைவில் இருந்தன. 1973 போரின் அதிர்ச்சியும் பின்னர் வந்த ஊழல் செய்திகளும் சேர்ந்துகொள்ள, 1977இல் அவர்களில் பெரும்பாலோர் வலதுசாரி லிக்குட் தலைவர் பெகினின் பக்கம் போனார்கள். தோற்றுவித்த நிகழ்வு ஒருவருக்குப் பெருமை என்றால், அருகில் நின்றவருக்கு அதுவே அவமானமாக இருந்திருக்கலாம் என்பதை ஆதிக்கக் கட்சிகள் மிகத் தாமதமாகவே உணர்கின்றன.


நடுப்பக்கம்:

சுவீடனில் என் வாதம் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியேறியவன் பிழைக்கப் பணம் வேண்டும் என்று செங்கல்சூளை சொன்னதும் சரியே. ஆனால் தென்னாப்பிரிக்காவில் 2023 டிசம்பரில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜூமாவைச் சுற்றித் தொடங்கிய கட்சி ஐந்தே மாதங்களில் 14.58 விழுக்காடு பெற்றதை நினைவில் வையுங்கள். பெயரும் மக்கள் தொடர்பும் உள்ளவனுக்குப் பணம் அவ்வளவு பெரிய தடையாக இருப்பதில்லை.

ஜப்பான், இத்தாலி வேறுபாட்டுக்கு வருகிறேன். ஜப்பானில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி ஆதரவாளர் சங்கம் வைத்திருப்பார்கள். திருமணத்துக்குப் போவது, துக்க வீட்டுக்கு உறை கொடுத்தனுப்புவது, பள்ளி விழாவில் தலைகாட்டுவது எல்லாம் அந்தச் சங்கத்தின் வழியே நடக்கும். வாக்கு அவருடைய சொந்தச் சொத்து. அவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் கூடவே வரும். ஆகவே கட்சி உடைந்தாலும் துண்டுகள் உயிரோடு இருந்தன, திரும்ப ஒட்டவும் முடிந்தது. அதைவிட முக்கியம், கொள்கையை மாற்றிக்கொள்ள அக்கட்சிக்கு வெட்கமே கிடையாது. தொழிற்சாலை மாசுக்கு எதிரான இயக்கங்கள் இடதுசாரிகளுக்கு நகரங்களைப் பெற்றுத்தரத் தொடங்கியதும், 1970இல் ஒரே நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் 14 மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை நிறைவேற்றியது. எதிர்க்கட்சி ஆளுநர் டோக்கியோவில் முதியோருக்கு இலவச மருத்துவம் கொடுத்துப் பெயர் வாங்கினால், 1973இல் அதையே நாடு முழுவதற்கும் கொடுத்தது. 1994இல் ஆட்சிக்குத் திரும்பியதும் அப்படித்தான்: நாற்பது ஆண்டுப் பகைவரான சோசலிஸ்டுகளின் தலைவர் முராயாமாவைப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்து, தான் பின்னால் நின்றுகொண்டது. அதில் அதிகம் சிதைந்தவர்கள் சோசலிஸ்டுகளே.

இத்தாலியக் கட்சிக்கு உயிர்நாடி கொள்கையன்று, அச்சம். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி எதிரே நின்றதால், ஊழலை நன்கறிந்த நடுத்தர வகுப்பினரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிறித்தவ ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தார்கள். 1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991இல் கம்யூனிஸ்ட் கட்சி தன்னைக் கலைத்துப் பெயரை மாற்றிக்கொண்டது. இனி மூக்கைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. 1992 பிப்ரவரியில் மிலானில் ஒரு முதியோர் இல்ல நிருவாகி கையூட்டுப் பெற்றதற்காகக் கைதானார். ஆளும் கூட்டணியில் இருந்த சோசலிஸ்ட் கட்சிக்காரர் அவர். அந்த நூலைப் பிடித்து இழுத்த நீதித்துறையினர் இரண்டு ஆண்டுகளில் கூட்டணி முழுவதையும் அவிழ்த்துவிட்டார்கள். 1948இல் 48.5 விழுக்காடு வாங்கிய கட்சி 1992இல் 29.7க்கு வந்து, 1994 ஜனவரியில் கலைக்கப்பட்டது. பத்து ஆண்டு முன்னால் அதே நிருவாகி அதே தொகையோடு பிடிபட்டிருந்தால், அது மிலான் நாளேடுகளின் உள்பக்கச் செய்தியாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.


பழைய தொண்டன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தலைப்பில் உள்ள 'திடீரென்று' என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. கணக்குப்பிள்ளை சொன்ன காரணத்தால் அல்ல, உள்ளே இருந்தவன் என்பதால்.

நெடுநாள் ஆண்ட ஒரு கட்சியில் நான் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கீழ்மட்டப் பொறுப்பில் இருந்தேன். கட்சியின் பெயர் வேண்டாம். நான் சேர்ந்த காலத்தில் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் மாவட்டச் செயலாளர் தொலைபேசியை விட்டு நகரமாட்டார். பட்டியலில் பெயர் வந்தவர்களை அவர் அன்று கூப்பிடுவதில்லை. அவர்கள் தாமாகவே மாலையோடு வருவார்கள். பெயர் வராதவர்களைத்தான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எடுக்காதவர் வீட்டுக்கு என்னைப் போன்ற ஒருவனை அனுப்புவார். ஒரு முறை இரவு பதினொரு மணிக்கு அவரே நேரில் போய், கதவைத் திறக்க மறுத்தவரின் திண்ணையில் அவர் வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு முடியும்போது ஒரு வாரியப் பதவியோ, சங்கத் தலைவர் பதவியோ, குறைந்தது 'அடுத்த முறை உங்களுக்குத்தான்' என்ற சொல்லோ இருக்கும். அந்தச் சொல் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் கடைசித் தேர்தலில் பட்டியல் மேலிடத்திலிருந்து நேராகத் தொலைக்காட்சிக்குப் போனது. மாவட்டச் செயலாளரே அதைத் திரையில்தான் பார்த்தார். யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட்டுச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அந்த முறையும் நாங்கள் வென்றோம், அதுவும் முன்னைவிட அதிக இடங்களோடு. அலுவலகத்தில் வெடி வெடித்துக்கொண்டிருந்தபோது, இருபது ஆண்டுகள் எங்களோடு உழைத்துச் சீட்டுக் கிடைக்காத ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பட்டியல் வெளியான அன்று இரவு அவருக்கும் ஓர் அழைப்பு வந்திருந்தது என்பது எங்களுக்கு அடுத்த தேர்தலில்தான் தெரிந்தது, அழைத்தவர்கள் எதிர்ப்பக்கத்தினர்.